தோட்டத்து அல்லூர் (சின்ன ஓடை), மேடு, பள்ளத்துக்கெல்லாம் என்ன பேருன்னு எழுதி வைக்கிறது எப்படி

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் பாதி தோட்டம் கித்தாவ (ரப்பர் மரத்த) வெட்டிட்டு செம்பனை (பாமாயில் மரம்) போட்டாச்சு, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சனமெல்லாம் தாமான் (புது குடியிருப்பு) வீட்டுக்கு வந்தாச்சு. மேப்புல பாத்தா சுங்கை பிளஸ் மாதிரி பெரிய ஆத்துக்கு பேர் இருக்கு, நம்ம துணி துவைச்ச அல்லூருக்கு வெறும் நீலக் கோடுதான். அந்தப் பேரெல்லாம் வெட்டுக்காட்டுல (ரப்பர் பால் வெட்டுற காட்டுல) வேலை செஞ்ச பெருசுங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல ஒண்ணு, "அந்த அல்லூருக்கு என்ன பேரு பாட்டி"ன்னு நேரா கேக்காதீங்க, "அதுக்கு என்னா பேரு, அல்லூருதான்"னு முடிச்சிருவாங்க. வழி கேளுங்க. "பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுக்கிறது) முடிஞ்சு வெட்டுக்கு எப்படி போவீங்க?" அவ்வளவுதான், ஸ்டோர தாண்டி, முனியாண்டி பாலம் எறங்கி, வழுக்குப்பாறை ஏறி, அங்கதான் பால் வாளியோட யாரோ உருண்டாங்கன்னு அவங்களே நடந்து காட்டுவாங்க, பேரும் தானா வந்து விழும். நடுவுல நீங்க பேர் எடுத்துக் குடுக்காதீங்க, நீங்க சொன்னதையே "ஆமாய்யா"ன்னு சொல்லிருவாங்க.

போன்ல ரெக்கார்ட் கண்டிப்பா போடுங்க (கேட்டுட்டுதான் லா). நம்ம எழுத்துல p சத்தத்துக்கும் b சத்தத்துக்கும் ஒரே 'ப'தான், பின்னாடி படிக்கிறவனுக்கு குழப்பம், அதனால பக்கத்துல ரூமியும் (மலாய்க்கு எழுதுற ABC எழுத்து) எழுதுங்க. எட்டாங்கட்டைன்னு சொன்னா எந்த டவுன்ல இருந்து எட்டாவது மைல்னு கேட்டு வைங்க.

அல்லூருக்கு ஒரு பேரோட நிறுத்தாதீங்க. மேல டிவிஷன்ல ஒண்ணு, கீழ லயத்துல ஒண்ணுன்னு சொல்வாங்க, ரெண்டும் சரிதான், எந்தப் பேர் எங்க இருந்து எங்க வரைக்கும்னு எழுதுங்க. வருஷம் கேட்டா ஞாபகம் இருக்காது, ஜப்பான்காரன் காலத்துல இந்தப் பேர் இருந்துச்சா, இல்ல 1948 எமர்ஜென்சிக்கு (கம்யூனிஸ்ட் சண்டைக் காலத்துக்கு) அப்புறமான்னு கேளுங்க, டக்குன்னு சொல்வாங்க. செம்பனைய 25 வருஷம் போல ஆனா மறுநடவு பண்ணுவாங்க, அப்போ மேட்ட வெட்டி படியாக்கிருவாங்க, அல்லூர நேராக்கி பாரிட்டாக்கிருவாங்க (வெட்டுன வாய்க்கால்), அதனால "இப்போ இல்ல"ன்னாலும் விடாம எழுதுங்க.

அப்புறம் முடிஞ்சா எடத்துக்கே போங்க, ஜாகாகிட்ட (காவல்காரர்கிட்ட) சொல்லாம தோட்டத்துக்குள்ள நுழையாதீங்க. ஜிபிஎஸ் நம்பர்ல புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இலக்கம் போதும், ஒரு மீட்டர் கிட்ட வந்துரும், ஆனா செம்பனை ஓலைக்கு அடியில போன் தடுமாறும், வெட்டவெளியில நின்னு எடுங்க.

கடைசியா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இண்டர்நெட் மேப்) ஏத்தலாம், தமிழ்ப் பேர், உள்ளூர்ப் பேர், பழைய பேர் மூணுக்கும் தனித்தனி எடம் இருக்கு. ஜாதிய வச்சோ ஒரு ஆள கேலி பண்ணியோ வந்த பேர உங்க நோட்டுல அப்படியே எழுதுங்க, மேப்புல ஏத்துறதுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்த ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.