கனரக லாரிகளில் வந்து வந்து போகும் மின்கோளாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றத்தில் இழுவை விட்டு, டாஷ்போர்டு விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரிந்து, பட்டறைக்குள் நுழைந்ததும் எதுவுமே நடவாததுபோல் ஓடும் லாரி எந்த மெக்கானிக்கையும் குழப்பிவிடும். அப்போது புதியவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால், தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்தவையே திரும்பி வருவதுபோல் இருக்கிறது. பேட்டரி டெர்மினலை இறுக்குவது, எரிந்த பியூஸை மாற்றுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பீப் சத்தத்தை நம்பி ஈசியூவை மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வண்டியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, வயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, பீப் சத்தம் கேட்டதும் வயரில் குறையில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். வயரில் குறையில்லை என்றால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூதான் பழுது என்று அடுத்த முடிவுக்கும் தாவிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் மீட்டர் வயருக்குள் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம் மட்டுமே. பல மீட்டர்கள் 20 ஓம் தடை இருந்தாலும் தயங்காமல் பீப் அடிக்கும். ஆனால் 5 ஆம்பியர் ஓடும்போது வயரில் வெறும் 2 ஓம் தடை இருந்தாலே 10 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஸ்டார்ட்டர் வயரில் நிலைமை இன்னும் மோசம்: 300 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை 3 வோல்ட்டை விழுங்கும், அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டரில் காண வழியே இல்லை.

ஒரு டிப்பர் லாரி, குண்டும் குழியுமான வழியில் மட்டும் திடீரென்று நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் செய்யாமலே ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. வேறொரு பட்டறையில் அதன் ஈசியூவை மாற்றியிருந்தார்கள்; கோளாறு தீராததால், புதிதாகப் போட்டதும் பழுது என்று சொல்லி இரண்டாவது முறையும் மாற்றியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை ஈசியூவின் எர்த் பின்னிலும் பிடித்தோம். நல்ல எர்த் இணைப்பில் அந்த அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சேசிஸில் எர்த் வயரைக் கையால் அசைத்ததும் அது 2 வோல்ட்டைத் தாண்டியது. வயர் முனையின் வளையத்துக்கு அடியில் பெயின்டும் துருவும் படிந்திருந்தன. போல்ட் இறுக்கமாகவே இருந்ததால் பார்த்த எவருக்கும் சந்தேகம் எழவில்லை. இரும்பு தெரியும்வரை சுரண்டி, மீண்டும் முறுக்கியதோடு வேலை முடிந்தது. இரண்டு ஈசியூக்களின் விலையை உரிமையாளருக்கு யார் திருப்பித் தருவது என்பதை எவரும் பேசவில்லை.

ஆகவே மின்னோட்டம் ஓடும்போதே அளக்க வேண்டும். ஈசியூவைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதானால், கனெக்டரில் அதற்கு வரும் சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். 24 வோல்ட், 70 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். வழியில் 2 ஓம் தடை இருந்தால் அது மங்கி எரிவது கண்ணுக்கே தெரியும். பல்பு எரிந்துகொண்டிருக்கையில் ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, பகுதி பகுதியாக அசைத்துப் பாருங்கள். கேபின் சாயும் கீல், சேசிஸ் கிளாம்ப், இன்ஜின் ஆட்டத்தில் உரசும் இடம் ஆகியவற்றை முதலில் பிடியுங்கள்.

வந்தவுடன் ஃபால்ட் கோடுகளை அழிப்பது

ஃபால்ட் கோடு என்பது வண்டியின் யூனிட்கள் நினைவில் வைக்கும் கோளாறு எண்; அதை எழுதிவைக்காமல் அழிக்காதீர்கள். ஈசியூ போன்ற, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கட்டுப்பாட்டு யூனிட்கள் ஒரே நேரத்தில் குறைந்த வோல்ட்டேஜைப் பதிவு செய்திருந்தால், அவை அனைத்துக்கும் பொதுவான சப்ளையையோ எர்த்தையோதான் தேட வேண்டும். அந்தத் தடயத்தை அழித்துவிட்டு, கோளாறு மீண்டும் வரும்வரை காத்திருப்பது வீண்வேலை.

வயரின் தோலைக் குத்திச் சோதிப்பது

கூடாது. அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும்.

கனெக்டர் துளைக்குள் தடித்த முனையைச் செருகுவது

பின்னின் பிடிப்பு விரிந்துவிடும். அடுத்த கோளாறு உங்கள் கைவேலையாக இருக்கும்.

கேன் லைனை வண்டி உயிரோடிருக்கும்போது ஓமில் அளப்பது

யூனிட்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இரட்டை வயர்தான் கேன் லைன். ஓம் அளவுக்கு உரிய இடம் இதுதான், ஆனால் பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகே அளக்க வேண்டும். லைனின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால், கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரு வயர்களுக்கும் இடையே ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 ஓம் காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை, அல்லது லைன் எங்கோ அறுந்திருக்கிறது.

இழுவை குறைந்தாலே வயரைத் தேடுவது

டீசல் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், சக்ஷன் குழாயில் காற்று புகலாம், டர்போ ஹோஸ் விட்டிருக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா அமைப்பில் கோளாறு கண்டு ஈசியூவே வேண்டுமென்று இழுவையைக் குறைத்திருக்கவும் கூடும். எரிபொருள் பற்றாவிட்டால் பெரும்பாலும் இழுவை படிப்படியாக விடும். மின்சாரம் விட்டுப்போனால் பெரும்பாலும் சட்டென்று நிற்கும். எனவே மீட்டரை எடுக்கும் முன் டிரைவரிடம் கேளுங்கள்: அந்த நேரத்தில் விளக்கு மங்கியதா, மழையிலா, சூட்டிலா, குழியில் இறங்கியபோதா, வண்டி தானே திரும்ப ஸ்டார்ட் ஆனதா, சாவியை அணைத்துப் போட்ட பிறகா?