வன்கொடுமைப் புகார்: மனுவில் எதை, எப்படி எழுதுவது

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட (1989) வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது உங்கள் புகார் மனுவைத்தான். அதில் விட்டுப்போனதைப் பிறகு கூண்டில் ஏறிச் சொன்னால், “பின்னால் ஜோடித்தது” என்பார்.

“சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினார்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். மனு எழுதித் தருபவர் கூச்சப்பட்டு வார்த்தையை மாற்றுவார், விடாதீர்கள். வாயிலிருந்து வந்த சொல் அப்படியே மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும். தேதி, நேரம் போட்டு, “ரேஷன் கடை வரிசையில் வைத்து” என்று இடத்தையும், கேட்ட இரண்டு மூன்று பேரின் பெயரையும் சேருங்கள். இடம் ஏன் முக்கியம் என்றால், இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பற்றிய 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளுக்கு அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது.

உங்கள் சாதியை எழுதி, சான்றிதழ் நகலை இணையுங்கள். எதிரி எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்ற வரியும் கட்டாயம். அது இல்லாமல் ரத்தான வழக்குகள் உண்டு. கிறித்தவராக மாறியவர் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. பட்டியலில் வரமாட்டார். எஸ்.டி.க்கு அந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

பொதுக் கிணறு, சுடுகாடு, கோயில், கடை எதிலாவது தடுத்தார்கள், தெருவில் செருப்போடும் பைக்கோடும் போக விடவில்லை என்றால் அது 3(1)(இசட்.ஏ.) பிரிவு. இதற்குத் திட்டியிருக்கவே வேண்டாம், தடுத்ததே குற்றம்.

அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் யார், எதைக் கொண்டு அடித்தார் என்று மனுவில் உள்ளபடியே சொல்லுங்கள். பயந்துபோய் “கீழே விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) அதுதான் நிற்கும்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வந்ததற்கான ரசீது மட்டும், எஃப்.ஐ.ஆர். அல்ல) கொடுத்து “விசாரிக்கிறோம்” என்பார்கள். 2018இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்டால் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 14566 என்ற உதவி எண்ணிலும் புகார் பதியலாம். “எதிர்ப்புகார் வந்திருக்கு, ராஜி ஆகிடுங்க” என்ற பேச்சும் வரும். எதிர்ப்புகார் வந்ததால் உங்கள் புகார் செல்லாமல் போய்விடாது.

எஃப்.ஐ.ஆர். வந்ததும் இந்தச் சட்டப் பிரிவுகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும். அதைக் கேட்டுத் தனியாகக் கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்து வையுங்கள். எதிரியின் ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் (15ஏ பிரிவு). நோட்டீஸ் இல்லாமலே ஜாமீன் கொடுத்துவிட்டால் அதையே காரணம் காட்டி ரத்து செய்யக் கேட்கலாம்.