சாய்த்து வைத்தால் கூர்மையாகும் அழுத்தமானி

அழுத்தத்தை அளக்கும் கருவி என்றதும் முள் நகரும் வட்ட முகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. முதன்முதலாகக் கற்பவர்கள் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயிலிருந்து தொடங்குவதே நல்லது. அதில் ஒளிவுமறைவு கிடையாது.

தேவையானவை: 6 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் சுமார் 4 மீட்டர் (கட்டட வேலையில் மட்டம் பார்க்க எடுக்கும் குழாயே போதும்), 50 செ.மீ. நீளப் பலகை இரண்டு, கட்டம் போட்ட தாள், உணவு நிறம், கெட்டியான அகன்ற டப்பா ஒன்று, குழாய்களைச் சேர்க்க ஒரு டி-இணைப்பு, பசை.

முதலில் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்துக் கட்டத் தாளை ஒட்டுங்கள். குழாயை அதன்மேல் யு வடிவில் வளைத்துக் கட்டுங்கள். யு-வின் ஒரு கை (ஒரு பக்கக் குழாய்) மட்டும் பலகையைத் தாண்டி முக்கால் மீட்டர் நீண்டிருக்கட்டும். நிறம் கலந்த நீரில் ஒரு துளி திரவ சோப்பு விட்டு, பாதிக் குழாய் வரை மெல்ல ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் நீர் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். காற்றுக் குமிழி எங்காவது சிக்கியிருந்தால் விரலால் சுண்டி வெளியேற்றுங்கள். குமிழியோடு எடுத்த அளவை நம்பாதீர்கள்.

நீண்ட முனையில் லேசாக ஊதினால் ஒரு கை இறங்கும், மற்றது ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள உயர வேறுபாடுதான் அளவு. ஒரு செ.மீ. வேறுபாடு என்றால் சுமார் 98 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). வண்டி டயரை இதில் அளக்க நினைத்தால் 20 மீட்டர் உயரக் குழாய் வேண்டியிருக்கும். 1643-இல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி காற்றழுத்தத்தை அளக்கப் பாதரசத்தை எடுத்ததன் பயனும் இதுதான். நீரில் 10.3 மீட்டர் வேண்டிய உயரம் பாதரசத்தில் 76 செ.மீ.யில் அடங்கிவிடுகிறது. வீட்டில் பாதரசத்தைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி நஞ்சு.

கருவியைச் சோதிக்க, நீண்ட முனையை வாளித் தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்துக்கு நேராக இறக்குங்கள். யு குழாயில் 10 செ.மீ. வேறுபாடு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது ஆறரையை ஒட்டித்தான். நானும் முதல் தடவை எங்கோ காற்று கசிகிறது என்று எண்ணிப் பசையை அள்ளிப் பூசினேன். பிழை குழாயில் இல்லை, நான் அளந்த இடத்தில் இருந்தது. யு குழாயின் ஒரு கை இறங்கியபோது உள்ளிருந்த காற்றுக்கு இடம் கிடைத்தது. அந்த அளவுக்கு வாளி நீர் குழாய்க்குள் ஏறிக்கொண்டது. வாளியின் மேல்மட்டத்திலிருந்து குழாய்க்குள் நிற்கும் நீர் மட்டம் வரை அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகும்.

சிறிய அழுத்தத்தையும் தெளிவாகப் படிக்க, இனி சாய்தளம். இரண்டாவது பலகையின் ஒரு முனையை மற்றதைவிட 5 செ.மீ. உயர்த்துங்கள். அரை கிலோ எடையுள்ள பொம்மை வண்டியைச் சுருள்வில் தராசில் மாட்டி, பலகையின்மேல் சீராக இழுங்கள். தராசு 50 கிராமும், உராய்வுக்காகக் கொஞ்சம் கூடுதலும் காட்டும். நேராகத் தூக்கினால் 500 கிராம். விசை பத்தில் ஒன்றானது. இழுக்கும் தூரம் பத்து மடங்கானது. சுமையேற்றும் சாய்வுப் பலகையும் திருகாணியின் புரியும் செய்வது இந்தப் பண்டமாற்றைத்தான்.

அதே பலகையை இப்போது அழுத்தமானியாக்கலாம். டப்பாவின் அடிப்பக்கத்தில் துளையிட்டுக் குழாயைச் செருகிப் பசையால் அடையுங்கள். குழாயின் மீதியைப் பலகையின் சரிவில் நேராக ஒட்டி, மேல்முனையைத் திறந்தே விடுங்கள். டப்பாவின் மூடியில் இன்னொரு குழாய். அழுத்தம் இதன் வழியாக வரும், மூடியில் காற்று கசியக் கூடாது. துளைக்கு ஒரு செ.மீ. மேல் வரை நிற நீர் ஊற்றி, சரிவுக் குழாயின் கீழ்ப்பகுதியில் நீர் நிற்கும்படி பலகை முழுவதையும் ஏற்றி இறக்குங்கள். சரிவு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி-இணைப்பின் ஒரு வாயில் யு குழாயையும் மறு வாயில் டப்பாவையும் மாட்டி, மூன்றாவதில் மிக மெல்ல ஊதி விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். யு குழாயில் அரை செ.மீ. வேறுபாடு தெரியும்போது சரிவில் நீர் 5 செ.மீ. ஓடியிருக்கும். உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சரிவில் அந்த உயரத்தை எட்ட நீர் நெடுந்தூரம் போக வேண்டும், நாம் படிப்பது அந்தத் தூரத்தை. காற்றோட்டக் குழாய்களிலும் காற்று வடிகட்டிகளிலும் சிறிய அழுத்த வேறுபாட்டைப் பார்க்க இந்த வகைக் கருவியும் உதவுகிறது.

டப்பா ஏன் அகலமாக இருக்க வேண்டும்? சரிவில் நீர் ஏறும்போது டப்பாவின் மட்டம் சிறிது இறங்கும். 12 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் இதனால் வரும் பிழை இரண்டரை விழுக்காடு, 8 செ.மீ. என்றால் ஐந்தரைக்கு மேல். சரிவை இன்னும் குறைத்தால் கூர்மை கூடுமே என்று ஆசை வரும். பத்துக்கு ஒன்று என்பதைவிட வெகுவாகக் குறைத்தால் நீரின் விளிம்பு நீண்டு இழுபட்டு, எந்தக் கோட்டைப் படிப்பது என்றே தெரியாது. மேசையும் துளி சாயக் கூடாது, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அளக்கும்போது டப்பாவைக் கையால் பிடிக்கவும் வேண்டாம். உள்ளங்கைச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, யாரும் ஊதாமலேயே நீர் சரிவில் ஏறத் தொடங்கிவிடும்.