"ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைக் காரா?": அந்த வீட்டில் ஒரு ஹாட் வீல்ஸ் காரைப் புதுப்பிக்கும் முறை

ஒன்பதாம் வகுப்பு தாண்டிய பிள்ளை கையில் ஹாட் வீல்ஸ் காரைப் பார்த்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். பெண் பிள்ளையாக இருந்தால் "பொண்ணுக்கு எதுக்குக் காரு?" என்று இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கோபம் காரின் மேல் இல்லை. மாதாமாதம் போகும் காசு, அலமாரியை அடைக்கும் பெட்டிகள், பக்கத்தில் வந்து நிற்கும் பொதுத்தேர்வு, இந்த மூன்றும்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. அட்டை பிரிக்காத இருபது கார்களை வரிசையாக மாட்டி வைத்தால் அது யார் கண்ணுக்கும் பொம்மைக் கடைதான். செய்தித்தாளை விரித்து, பெயின்ட் உரித்த ஒரே ஒரு காரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

அதனால் புதுக் கார் வாங்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில், பரணில், உடைந்த பொம்மைகளோடு ஏதாவது ஒன்று கிடக்கும். அதை எடுங்கள்.

எடுத்ததும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே காரின் பெயரும் ஒரு வருடமும் இருக்கும். அது அந்த வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) பதிந்த வருடம், உங்கள் கார் தயாரான வருடம் அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள். "லியோ" என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1980களில் அந்தப் பெயரில் இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் கார்கள் வந்தன. அப்பாவின் சிறுவயதுக் காராகக்கூட இருக்கலாம். அதைத் துடைத்து அவரிடம் கொடுப்பதுதான் சரி.

முதல் வேலைக்குத் தோதானது மேல்கூடு இரும்புபோல் கனமாகவும் அடித்தட்டு பிளாஸ்டிக்காகவும் உள்ள சாதாரணக் கார். அடியில் இரண்டு ரிவெட் (கூட்டையும் அடித்தட்டையும் பிணைக்கும் உலோக முளை) மட்டும் இருக்க வேண்டும். கதவு திறக்கும் கார், பின்னால் தனித்தொட்டி உள்ள லாரி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கனத்தைப் பார்த்து இரும்பு என்று நினைக்க வேண்டாம். அது துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த ஜமாக் என்னும் கலப்பு உலோகம். இது கீழே முக்கியமாக வரும்.

வாங்க வேண்டியவை: 100 மி.லி. அசிட்டோன், 2 மி.மீ., 3.5 மி.மீ. ட்ரில் பிட் ஒவ்வொன்று, 400, 800 எண் உப்புத்தாள், சாம்பல் நிற ப்ரைமர் (கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே ஒன்று, கலர் ஸ்ப்ரே ஒன்று, சின்ன அரால்டைட் (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் பசை). வீட்டிலேயே இருப்பவை: பழைய டூத்பிரஷ், பல்குச்சி, ஃபெவிகால், கண்ணாடி ஊறுகாய் பாட்டில், மாஸ்க். செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கும்போது காட்ட நோட்டு இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

ரிவெட்டை எடுப்பது

ட்ரில் மெஷின் அப்பாவிடம் இருக்கும், அல்லது மாமாவிடம். "அப்பா, ஒரு பத்து நிமிஷம் கூட நின்னு இதுல ரெண்டு ஓட்டை போட்டுத் தர்றீங்களா?" என்று கேளுங்கள். தெரியாமல் எடுத்து பிட்டை உடைப்பதைவிட இது நல்லது. அவர் கையால் ஓட்டை போட்ட காரை அப்புறம் "குப்பை" என்று சொல்ல அவருக்கே மனசு வராது.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் சுவரில் துளைக்கும் மெஷின். அதில் சுத்தியல் படம் போட்ட ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ரிவெட் தூண் நொறுங்கும். பெரிய மெஷினின் வாய் 1.5 மி.மீ. பிட்டைச் சரியாகக் கவ்வாது, அதனால்தான் 2 மி.மீ. சொன்னோம்.

காரைக் கையில் பிடித்துத் துளைக்கவே கூடாது. பிட் மாட்டிக்கொண்டால் கார் சுழன்று விரலைக் கிழிக்கும். துணி சுற்றி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தலைகீழாக வைத்து கிளாம்பால் இறுக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரிவெட்டின் நடுவில் ஆணியை வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினால் சின்னக் குழி விழும். பிட் வழுக்காமல் இருக்க இந்தக் குழி வேண்டும். 2 மி.மீ. பிட்டால் மெதுவாக 3 மி.மீ. ஆழம் மட்டும் போடுங்கள். ஆழம் தெரிய, பிட்டின் துளைக்கும் நுனியிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம். அதிகம் போனால் பிட் பானெட் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். அப்படிப் போன கார்கள் ஏராளம்.

அடுத்து 3.5 மி.மீ. பிட். இதில் அழுத்தம் வேண்டாம். காளான் தலைபோல் விரிந்திருக்கும் ரிவெட் மெலிந்துகொண்டே வந்து, ஒரு நொடியில் வெள்ளி மோதிரம்போலக் கழன்று பிட்டில் ஏறிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் நிறுத்துங்கள். வேகமாக ஓட்டினால் சூடேறி அடித்தட்டு பிளாஸ்டிக் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் முடிந்த பிறகும் அடித்தட்டு வரவில்லை என்றால் திருப்புளியால் நெம்ப வேண்டாம், இன்னும் கொஞ்சம் உலோகம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கழன்றதும் உள்ளே சீட், கண்ணாடி, சக்கரங்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். சின்ன உருப்படிகளுக்கு மூடியுள்ள டப்பா. கூட்டிப் பெருக்கும் நேரத்துக்குள் டப்பாவுக்குப் போகாத சக்கர அச்சு, முறத்தோடு போய்விடும்.

பெயின்ட் உரிப்பது

அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஆகவே உலோகக் கூடு மட்டும்தான் பாட்டிலுக்குள் போக வேண்டும். யூஸ் அண்ட் த்ரோ கப், தெர்மாகோல் எதுவும் ஆகாது, கண்ணாடிதான். கூடு மூழ்கும் அளவு ஊற்றி மூடி வைத்தால் சில காரில் அரை மணியில் பெயின்ட் தோல்போல் சுருண்டு வரும், சிலது ராத்திரி முழுக்கப் பிடிக்கும். பிறகு டூத்பிரஷ்.

இந்த வேலை மொட்டை மாடியில், கையுறையோடு. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறை அடுப்பிலோ பூஜை விளக்கிலோ பற்றிக்கொள்ளும். வீட்டில் சண்டை பெரும்பாலும் இந்த வாசனையில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு இடமே கொடுக்காதீர்கள். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், தம்பி தங்கை கைக்கு எட்டக் கூடாது. மீதியைத் தொட்டியில் கொட்டாமல் தெளிய விட்டு அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாத்ரூம் பைப் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவில் போட்டால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஜமாக்கில் உள்ள துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அது அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கூடு அம்மைத் தழும்புபோலப் பொரிந்துவிடும்.

உரித்த கூட்டைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, வார்ப்பு அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டை 400இல் தேய்த்து, 800இல் மழமழப்பாக்குங்கள். மறுபடி கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் விலகி மீன் கண்போல வட்டக் குழி விழும்.

ஸ்ப்ரே

வேலை கெடுவது அதிகம் இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அடித்தால் பெயின்ட் காயும்போது ஈரம் சேர்ந்து பால் கொட்டியதுபோல் வெளுக்கும். சித்திரை வெயிலில் சுட்டுக் கிடக்கும் கூட்டின் மேல் அடித்தால் துளிகள் பரவும் முன்பே காய்ந்து மணல்போலச் சொரசொரக்கும். மழையில்லாத நாளில் காலை பத்து மணிவாக்கில், நிழலில், காற்று வீசாத மூலையில் அடியுங்கள்.

கூட்டை உள்பக்கமாக ஒரு குச்சியில் டேப்பால் நிறுத்திக்கொள்ளுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தூரம் 20 முதல் 25 செ.மீ., அதாவது ஒரு சாண். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கார் மேல் கடந்து, வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். நேராகக் காரின் மேல் தொடங்கினால் முதல் துப்பல் கட்டியாக விழும். ப்ரைமர் இரண்டு மெல்லிய பூச்சு, கலர் மூன்று, நடுவே பத்துப் பதினைந்து நிமிடம். முதல் பூச்சில் உலோகம் தெரிந்தால் தெரியட்டும். ஒரே மூச்சில் மூட நினைப்பவருக்குத்தான் கதவோரம் வழிந்து கண்ணீர்க் கோடு நிற்கும். வழிந்துவிட்டால் தொட்டுத் துடைக்காதீர்கள். ஒரு நாள் காய விட்டு 800ஆல் தேய்த்து மேலே ஒரு பூச்சு கொடுங்கள்.

ஸ்ப்ரே செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் நெய்ல் பாலிஷும் உதவும், அம்மாவிடம் கேட்டுவிட்டு. ஆனால் காயாத எனாமல் பெயின்ட் மேல் நெய்ல் பாலிஷ் போட்டால் அதன் கரைப்பான் கீழே உள்ளதைக் கிளப்பிச் சுருக்கிவிடும். எந்த இரண்டு பெயின்டைச் சேர்ப்பதானாலும் முதலில் பழைய ஸ்பூனின் முதுகில் பூசிப் பாருங்கள்.

பிறகு 24 மணி நேரம் தொடக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனால் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. இந்தக் காத்திருப்பு படிக்கிற பிள்ளைக்கு வசதிதான். ஒரு ஞாயிறு கழற்றுவது, அடுத்த ஞாயிறு உரிப்பது, அடுத்தது பூசுவது, நான்காவது சேர்ப்பது. நடுவில் தொட ஒன்றுமே இல்லை. "மாசத்துக்கு ஒரு கார், ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று சொன்னால் வீட்டில் நம்புவார்கள், நீங்கள் சொன்னபடி நடந்தால். பொதுத்தேர்வு வருடத்தில் ஜனவரியோடு பெட்டியை நீங்களே மூடிவிடுவது உத்தமம்.

சின்ன வேலைகளும் சேர்ப்பதும்

பின்விளக்கு ஒரு மி.மீ. அகலம்தான் இருக்கும். பிரஷ் அங்கே உதவாது. பல்குச்சி முனையைத் தரையில் லேசாக உரசி மழுங்கடித்து, சிவப்பில் நனைத்து, ஒரு துளி மட்டும் வைத்துவிட்டு எடுங்கள். பெயின்ட் தானே பரவி விளக்கின் விளிம்பில் நின்றுகொள்ளும். முன்விளக்குக்கு வெள்ளி ஜெல் பேனா போதும். இந்த இரண்டு இடமும் சரியாக அமைந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கார் கம்பெனியில் வந்ததுபோல் தெரியும்.

கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை வெள்ளை டூத்பேஸ்ட் தொட்ட துணியால் ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். அதை ஒட்ட ஃபெவிக்விக் எடுக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்து போகவே போகாது. ஃபெவிகால் ஒரு பொட்டு போதும், காய்ந்தால் நிறம் தெரியாது. நீரில் ஊறவைத்து ஒட்டும் வகை ஸ்டிக்கர் வாங்கியிருந்தால் போர் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், உப்புத் தடம் நிற்கும். கேன் தண்ணீரில் அரை நிமிடம் போதும்.

சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று டைல்ஸ் தரையில் புத்தகம் சாய்த்து உருட்டிப் பாருங்கள். இழுத்தால் அச்சு வளைந்திருக்கிறது, மூக்குக் குறட்டால் மெல்ல நிமிர்த்தலாம். எண்ணெய் விடாதீர்கள், தூசியும் முடியும் சேரும். பென்சில் கூர்முனையை உரசிய பொடி போதும்.

மூடுவதற்கு முன் கண்ணாடியின் உட்புறத்தை ஊதித் துடையுங்கள். ரிவெட் இருந்த குழிகளில் கலக்கிய அரால்டைட் ஒவ்வொரு பொட்டு வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் விடுங்கள். ரப்பர் பேண்டுக்கு அடியில் துணித்துண்டு வைக்காவிட்டால் புதுப் பெயின்டில் தடம் விழும். திரும்பத் திரும்பக் கழற்றுவேன் என்பவர்கள் ரிவெட்டை எடுக்கும்போதே 2 மி.மீ.க்குப் பதில் 1.6 மி.மீ. துளை போட்டு, எம்2 (2 மி.மீ. திருகாணிக்கான) மரை வெட்டித் திருகாணி முடுக்கலாம். அதற்குக் கை ட்ரில் தேவை. மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. முரட்டுத்தனம் காட்டினால் டாப் (மரை வெட்டும் கருவி) உள்ளேயே உடையும்.

பேச்சில் ஒரு ஜாக்கிரதை. "இதெல்லாம் பின்னாடி நல்ல விலைக்குப் போகும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அப்ப எப்ப விக்கப் போற?" என்று அடுத்த மாதமே கேட்பார்கள். பொம்மை செய்வது சின்னப்பிள்ளை வேலை என்று வாதம் வந்தால், 1968இல் வந்த முதல் 16 ஹாட் வீல்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றை வரைந்த ஹாரி பென்ட்லி பிராட்லி ஜெனரல் மோட்டார்ஸில் நிஜக் கார் வடிவமைத்தவர், அவருக்குப் பின் வந்த லாரி வுட் ஃபோர்டிலிருந்து வந்தவர் என்று சொல்லலாம். கேட்டால் மட்டும். வீட்டில் கொலு வைப்பார்கள் என்றால் பார்க்கில் சாலை போடும் வேலையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். காருக்கு அங்கே வருடத்தில் ஒன்பது நாள் மரியாதையான இடம் உண்டு.

கடைசியாக, விருந்தாளிகள். "சின்னப் பையன் கேக்குறான், குடுத்துடேன், உனக்கெதுக்கு?" என்ற குரல் எந்தப் பண்டிகைக்கும் வரும். பூசிய பெயின்ட் வாயில் வைக்கும் குழந்தைக்கு ஆகாது, அரால்டைட் பிடி விட்டால் சக்கர அச்சு கையோடு வரும். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். பெயின்ட் அடிக்காத பழைய கார் இரண்டை, பிரிக்காமல், வாசல் பக்க அலமாரியில் தயாராக வைத்திருங்கள்.