டைட்டில் சண்டைக்கு வீட்டிலிருந்தே மார்க் போடுவது எப்படி? உசிக் – ஃப்யூரி கார்டை வைத்து ஒரு செய்முறை

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது 2024 மே 18 அன்று ரியாத்தில் நடந்த உசிக் – ஃப்யூரி குத்துச்சண்டை. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் மூன்று ஹெவிவெயிட் பெல்ட்டுகள், பிரிட்டனின் டைசன் ஃப்யூரியிடம் நான்காவது (ஒவ்வொரு பெல்ட்டும் ஓர் அமைப்பின் சாம்பியன் பட்டம்). முடிவு ஸ்பிலிட் டெசிஷனில் உசிக் பக்கம் போனது. ஒரு ஜட்ஜ் உசிக்குக்கு 115-112, இன்னொருவர் உசிக்குக்கு 114-113, மூன்றாமவர் ஃப்யூரிக்கு 114-113. ஒரே சண்டை, மூன்று கார்டு (ஜட்ஜின் மார்க் தாள்). மார்க் போடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் அமையாது.

பன்னிரண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம், வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு வழக்கமாக ஒன்பது. இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: தாளும் பேனாவும்

மார்க் போட போன் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மொத்தத்தைக் கண்முன்னே காட்டிவிடும். ஒருவர் மூன்று மார்க் முன்னால் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அடுத்த இறுக்கமான ரவுண்டை மற்றவருக்குக் கொடுத்துச் சமன் செய்யக் கை பரபரக்கும். நிஜ ஜட்ஜுகள் பெரும்பாலான இடங்களில் ரவுண்டுக்கு ஒரு சீட்டு எழுதி, அப்போதே கொடுத்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தி, பேனாவில் எழுதுங்கள் (பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும்). கூட்டல் கடைசி மணி அடித்த பிறகுதான்.

படி 2: சத்தத்தை நிறுத்துங்கள்

வர்ணனையாளருக்கு ஒரு கதை வேண்டும், கூட்டத்துக்கு ஒரு ஹீரோ வேண்டும். இரண்டும் உங்கள் மார்க்கைக் கெடுக்கும். இந்தச் சண்டையின் தொடக்க ரவுண்டுகளில் ஃப்யூரி ஏகப்பட்ட சேட்டை செய்தார். சேட்டைக்கு மார்க் கிடையாது.

படி 3: ரவுண்டு யாருக்கு?

பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கைத் தன் பிடியில் வைத்திருப்பது, தற்காப்பு. என் கணக்கில் முதலாவதுதான் எல்லாம். அதில் இருவரும் சமம் என்றால்தான் மற்ற மூன்றையும் பார்ப்பேன். கையுறையில், முழங்கையில் பட்டு நின்ற குத்து எண்ணிக்கையில் வராது. முன்னேறிக்கொண்டே இருப்பவர் வெல்கிறார் என்றும் அர்த்தமில்லை. முன்னேறிப் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

வயிற்றுக் குத்தை விட்டுவிடாதீர்கள். டிவியில் தலைக்குப் போகும் அடி பளிச்சென்று தெரியும், விலாவில் இறங்கியது தெரியாது. நடு ரவுண்டுகளில் ஃப்யூரியின் கை ஓங்கியிருந்தபோது கீழிருந்து தாடைக்கு ஏறும் அவருடைய அப்பர்கட்டைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே நேரத்தில் அவர் உடம்புக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

படி 4: ஒன்பதாவது ரவுண்டு

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை இறங்க, ஃப்யூரி நிலைகுலைந்து கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார். தரையில் விழவில்லை. ஆனாலும் ரெஃபரி மார்க் நெல்சன் குறுக்கே புகுந்து எண்ணத் தொடங்கினார். விழாதவருக்கு எதற்கு எண்ணிக்கை? கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்ற நிலையில் ஒருவரைக் கயிறு தாங்கிப் பிடித்தால், விதிப்படி அதுவும் நாக்டவுன்தான், அதாவது அடி வாங்கி விழுந்ததாகவே கணக்கு. நாக்டவுன் என்றால் ரவுண்டு 10-9 அல்ல, 10-8.

இப்போது கூட்டிப் பாருங்கள். நாக்டவுன் இல்லாத பன்னிரண்டு ரவுண்டில், ஒவ்வொன்றும் 10-9 என்றால், இருவர் மொத்தமும் சேர்ந்து 228 வரும். ஒரு 10-8 இருந்தால் 227. மேலே உள்ள மூன்று கார்டையும் கூட்டுங்கள்: மூன்றுமே 227. ரெஃபரி எண்ணியதை மூவரும் கார்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

யாருக்கு எத்தனை ரவுண்டு என்று பார்க்க, நாக்டவுன் வாங்காதவரின் மொத்தத்திலிருந்து 108-ஐ, அதாவது பன்னிரண்டு ரவுண்டுக்கும் ஒன்பது ஒன்பதாக வரும் மொத்தத்தை, கழியுங்கள். உசிக்குக்கு 115 போட்டவர் ஏழு ரவுண்டு கொடுத்திருக்கிறார். 114 போட்டவர் ஆறு, அதாவது சரிபாதி. ஃப்யூரியை ஜெயிக்க வைத்தவர் உசிக்குக்கு 113 போட்டார், ஐந்து ரவுண்டு. ஃப்யூரியின் பக்கத்திலிருந்து கழித்தால் கணக்கு உதைக்கும், ஏனென்றால் அவருடைய ஒன்பதாவது ரவுண்டில் ஒரு மார்க் கூடுதலாகப் போயிருக்கிறது.

அந்த ரவுண்டு வெறும் 10-9 ஆக இருந்திருந்தால்? 115-113 உசிக், 114-114, 115-113 ஃப்யூரி. சண்டை டிரா. உசிக் நான்கு பெல்ட்டோடு வெளியே வந்ததற்கு அந்த எண்ணிக்கையில் போன ஒரு மார்க்தான் காரணம்.

*பிற்சேர்க்கை:* பின்னூட்டத்தில் ஒருவர் தனக்கு 229 வருகிறது என்று எழுதியிருந்தார். எங்கோ 10-10 போட்டிருப்பீர்கள். சம ரவுண்டு விதியில் இருக்கிறது, ஆனால் ஜட்ஜுகள் அதைப் போடுவது அரிது. யோசித்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

*இன்னொன்று:* ரெஃபரி ஸ்லிப் (அடியால் அல்ல, வழுக்கி விழுந்தது) என்று சொன்னதை ரீப்ளேயில் பார்த்து நாக்டவுனாக மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மாற்றக் கூடாது. ஜட்ஜின் வேலை ரெஃபரி சொன்னதை ஏற்று மார்க் போடுவது.

படி 5: அடுத்து என்ன?

முடிவு வந்ததும் "இனி யார் யாரோடு?" என்று ஊகிக்கத் தொடங்குவோம். ஊகம் வேண்டாம், நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். பெல்ட் தரும் நான்கு அமைப்புகளுக்கு நான்கு வரிசை: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் கட்டாயச் சவாலாளர் (சாம்பியன் மோதியே ஆக வேண்டியவர்) யார், ஒப்பந்தத்தில் மறுசண்டை விதி இருக்கிறதா என்று எழுதுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

உசிக்குக்கு அப்படித்தான் நடந்தது. ஒப்பந்தத்தில் மறுசண்டை இருந்தது. ஐபிஎஃப் தன் சவாலாளருக்குக் காத்திருக்கத் தயாராக இல்லை. ஒரே ஆள் இருவரோடு மோத முடியாதே. 2024 ஜூனிலேயே அந்த பெல்ட்டை விட்டுக்கொடுத்தார், அது டேனியல் டுபுவாவுக்குப் போனது. நான்கும் ஒரே கையில் இருந்தது சில வாரங்கள்தான். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் போட்டியில்லாத ஒரே சாம்பியன் வர இத்தனை ஆண்டு ஏன் ஆயிற்று என்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

டிசம்பர் 21 மறுசண்டையும் ரியாத்தில்தான். மூன்று ஜட்ஜுகளும் உசிக்குக்கு 116-112. கூட்டினால் 228, எனவே நாக்டவுன் இல்லை. 108 போக எட்டு ரவுண்டு. பார்க்காமலேயே இவ்வளவு சொல்லிவிடலாம்.

அதன்பின் 2025 ஜூலை 19 அன்று வெம்பிளியில் டுபுவாவை வீழ்த்தி உசிக் மீண்டும் நான்கையும் சேர்த்தார். நவம்பரில் டபிள்யூபிஓ பெல்ட்டை விட்டுக்கொடுக்க, அது ஃபேபியோ வார்ட்லியிடம் போனது. அட்டவணையைப் பென்சிலில் போடுங்கள், இது மட்டும் அழிக்க வேண்டியது.

ஃப்யூரிக்கு இந்த அட்டவணை உதவாது. பெல்ட் இல்லாதவரை எந்த அமைப்பும் இழுக்க முடியாது. 2025 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். 2022-இலும் அறிவித்துவிட்டு அதே டிசம்பரில் சிசோராவோடு மோதியவர் அவர். அவர் பெயருக்கு எதிரே "ஓய்வு" என்று எழுதுவதையும் பென்சிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு டிசம்பர் மறுசண்டையை எடுங்கள். வெம்பிளி சண்டை வேண்டாம், அது ஐந்தாவது ரவுண்டிலேயே நாக்அவுட்டில் முடிந்துவிட்டது.