வெள்ளம் சூழ்ந்த வீட்டில் குடிதண்ணீர்

நகரமே மூழ்கிக் கிடக்கும்போது மீட்புப் படகு வர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அதுவரை அதிகம் வாட்டுவது தாகம்தான். கழிவுநீர் கலந்ததைக் குடித்து வாந்தி, பேதி வந்துவிட்டால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். அதனால் தெருவில் தண்ணீர் ஏறும்போதே, குழாயில் நல்ல தண்ணீர் வரும்போதே பிடித்து மூடி வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு 3 நாளைக்கு 48 லிட்டர்.

மெயின் சுவிட்சை அணைப்பதும் கேஸ் வால்வை மூடுவதும் அப்போதே நடக்க வேண்டும். தரை நனைந்த பிறகு ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. மேலே ஏறுவதென்றால் மொட்டைமாடிக்கே போங்கள். வெளியேற வழியில்லாத பரணில் ஒதுங்கினால், தண்ணீர் தொடர்ந்து ஏறும்போது அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பிடித்து வைத்தது தீர்ந்துபோனால், மழைநீரைப் பிடித்துச் சுத்தம் செய்யலாம். கலங்கலாக இருந்தால் அசையாமல் வைத்து வண்டலை அடியில் தங்கவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும், நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் மெதுவாகச் சாய்த்து வடிகட்டுங்கள். இந்த வேலையில் அவசரம் வேண்டாம். வண்டல் மிஞ்சினால், பிறகு விடும் பிளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே செலவாகி, கிருமி பிழைத்துக்கொள்ளும். அடுப்பு இருந்தால் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். இல்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் (துணி வெளுக்கும் திரவம்) லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கல் மிச்சமிருந்தால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை விட்டு, மேலும் 15 நிமிடம் பொறுங்கள். பெட்ரோல், டீசல் மிதக்கும் தெருத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் பிளீச் விட்டாலும் அந்த நஞ்சு போகாது.

பேதி கண்டால், சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடினால், அதுவும் குழந்தைகளுக்கு, ஆபத்து.

தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. 15 சென்டிமீட்டர் ஆழமே ஆனாலும், வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும். இறங்கியே தீர வேண்டுமென்றால் கெட்டியான காலணி போட்டு, கையில் நீளமான கம்போடு, காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். கம்பு பிடி கிடைக்காமல் திடீரென்று உள்ளே இறங்கினால் அங்கே மூடி இல்லாத மேன்ஹோல் இருக்கலாம். வந்த வழியே திரும்புங்கள். கரையேறியதும் காயங்களைச் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போய், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டாதீர்கள். ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

வெள்ளம் வடிந்ததும் தரைக்குக் கீழே உள்ள அறையில் தேங்கிய தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்துவிடாதீர்கள். வெளியே மண் இன்னும் ஊறித்தான் இருக்கும். உள்ளே எதிர்அழுத்தம் போனதும் சுவர் உள்பக்கம் சரியலாம். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்தால் போதும். மறுநாள் மட்டம் மறுபடி ஏறியிருந்தால் இறைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.