அந்தப் 'பெரிய' மாவுப்பூச்சியை நசுக்கிவிடாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருவில் புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கைபேசியில் ஒரு படம். "அக்கா, செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சிங்க. சின்னது நிறைய இருந்துச்சு, அதை விட்டுட்டேன். பெருசு பெருசா முடி முடியா இருந்துச்சு பாருங்க, அதுதான் குட்டி போடும்னு நெனச்சு அத்தனையும் பிரஷ்ல தேச்சு நசுக்கிட்டேனுங்க" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சடை தொங்கும் புழுக்கள், இருபதுக்கு மேல் இருக்கும். அவை மாவுப்பூச்சியே அல்ல. மாவுப்பூச்சியைத் தின்பதற்காக அந்தச் செடிக்கு வந்தவை.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. 2009-ல் இதே கோவையில், எங்கள் பால்கனியில் நானும் இதைத்தான் செய்தேன். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் செடி வாங்கும் ஒருவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லையே என்ற எரிச்சல்தான்.

அதனால் தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள், வெயில் படும் இடத்தில் வையுங்கள் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். பூச்சியை விரட்டப் போய் நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நமக்காக வேலை செய்பவனைக் கொல்வது

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி மட்டுமல்ல, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கிடைத்ததிலெல்லாம் அது ஏறியது. அடுத்த ஆண்டு எங்கள் பால்கனிக்கும் வந்தது. அம்மா வீட்டிலிருந்து குச்சி ஒடித்து வந்து வளர்த்த அடுக்குச் செம்பருத்தி அங்கே இருந்தது. மருந்துக்கடைக்குப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து, கண்ணில் பட்ட பெரிய வெள்ளைப் புழுக்களை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். தொட்டி விளிம்பில் பறவை எச்சம் போல ஒட்டிக் கிடந்தவற்றையும் சுரண்டி எறிந்தேன்.

மூன்றே வாரத்தில் செடி வெள்ளையாகிவிட்டது. இலைகளில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்பூசணம். மொட்டெல்லாம் விரியாமலே உதிர்ந்தது. கடைசியில் அடியோடு வெட்டினேன். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த, வேளாண்மை படித்த உறவுக்காரப் பெண், மிச்சமிருந்த ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பொறிவண்டுப் புழு இருந்திருக்குமே சித்தி, ஒண்ணும் காணோமே?" என்று கேட்டாள். நான் என்ன செய்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாவுப்பூச்சியைத் தின்னும் சில பொறிவண்டுகளின் புழுக்கள், இரையைப் போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொள்கின்றன. இந்த வேஷம் எறும்பை ஏமாற்றுகிறது, நம்மையும் ஏமாற்றிவிடுகிறது. இவற்றில் பெயர் பெற்றது கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு. காபித் தோட்டங்களின் செதில்பூச்சிக்காக 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு சுமார் 4 மில்லிமீட்டர்தான். கறுத்த முதுகு, ஆரஞ்சுத் தலை. அது மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப் பொதியிலேயே தன் முட்டையை இடும். அதன் புழு ஒன்று, வண்டாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கான மாவுப்பூச்சிக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமில்லை. மாவுப்பூச்சி 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் வளராது, மெழுகு குட்டையாக இருக்கும், தொட்டாலும் இருந்த இடத்தைவிட்டு அசையச் சோம்பும். கிரிப்டோலேமஸ் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மெழுகு நீண்ட சடைசடையாகத் தொங்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நடந்துபோகும். சந்தேகம் இருந்தால் அதே குச்சியால் புரட்டிப் போட்டு, ஐந்து நிமிடம் பாருங்கள். சாறு உறிஞ்சுவது ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும்; வேட்டையாடுவது அலையும்.

நான் சுரண்டி எறிந்த 'பறவை எச்சம்' இன்னொரு நண்பனின் கூட்டுப்புழு. ஸ்பால்ஜிஸ் என்ற சின்னஞ்சிறு பட்டாம்பூச்சி. இதன் புழு இலையைத் தொடுவதே இல்லை. மாவுப்பூச்சியை மட்டும் தின்று வளர்கிறது. அதன் கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் குரங்கு முகம்: கண், மூக்கு எல்லாம் இருக்கும். ஒரு தடவை பார்த்தவர் பிறகு மறக்கவே மாட்டார். பட்டாம்பூச்சிப் புழு என்றாலே செடிக்குக் கேடு என்று நினைத்திருந்தவள் நான்.

இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறமாகி, காய்ந்த நெல்மணி போல இறுகிக் கிடந்தால் அவற்றைத் துடைக்காதீர்கள். உள்ளே குளவிக் குஞ்சு வளர்கிறது. தலைமுடி நுனியில் முத்து வைத்தது போல இலையில் நீட்டிக்கொண்டு நிற்பவை பூஞ்சை அல்ல, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அதன் புழுவும் நமக்காக வேட்டையாடுவதுதான்.

குளவி என்றதும் 2010-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு போர்ட்டோ ரிகோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கொசுவைவிடச் சிறிய குளவி தருவிக்கப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம் அதைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. எத்தனை மருந்து அடித்தும் அடங்காத பப்பாளி மாவுப்பூச்சி, அந்தக் குளவி பரவிய சில மாதங்களில் அடங்கியது. மருந்தை நிறுத்தினால்தான் குளவி பிழைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது. பால்கனியிலும் கணக்கு அதேதான். நீங்கள் அடிப்பது வேப்பெண்ணெயாகவே இருந்தாலும் சோப்பு கலந்த கரைசல் பட்டால் பொறிவண்டுப் புழுவும் சாகும். செடி முழுக்க மழைபோல அடிக்காதீர்கள். நண்பர்கள் இல்லாத கிளையை மட்டும் துடையுங்கள், நண்பர்கள் தென்படும் கிளையை இரண்டு வாரம் விட்டுவையுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கூடத்துக்குள், கதவு சாத்திய அறையில் இருக்கும் மணி பிளான்ட்டுக்கும் குரோட்டனுக்கும் இந்த நண்பர்கள் யாரும் வந்து சேர மாட்டார்கள். அங்கே வேலை நம்முடையதுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை மறக்க வேண்டாம். வாரம் ஒரு முறை, நான்கு வாரம்.

எறும்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது

"எறும்புதானே, அது இலையைத் தின்னாதே" என்பார்கள். தின்னாது. ஆனால் மாவுப்பூச்சியும் அசுவினி என்னும் செடிப்பேனும் கழிக்கும் இனிப்பு நீருக்காக அவற்றை மாடு மேய்ப்பது போல மேய்க்கும். கிட்டே வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். எறும்புச் சாரை ஏறும் செடியில் நண்பர்கள் தங்கவே முடியாது.

பாட்டி காலத்தில் சமையலறை அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். தொட்டிக்கும் அதையே செய்யலாம். தட்டில் தண்ணீர், நடுவில் செங்கல், அதன் மேல் தொட்டி. செடியின் கிளை சுவரையோ கம்பியையோ தொடக் கூடாது. தொட்டால் அதுவே பாலம். தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி, தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு முட்டையிடும். தட்டு வைக்க இடமில்லாதவர்கள் தண்டின் அடியில் துணிப்பட்டி சுற்றி, அதன் மேல் வாஸ்லைன் தடவலாம். தண்டில் நேரடியாகத் தடவ வேண்டாம்.

வேப்பெண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றுவது

எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வரும் செடிக்கு மட்டும் அத்தனை எண்ணெயும் விழுந்து இலை கருகும். காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, அந்தக் கரைசல் சில மில்லிலிட்டரில் 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள்.

ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். நான் இதற்கென்று சிறுவாணித் தண்ணீரை ஒரு குடம் எடுத்துவைத்துக்கொள்வேன். மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது.

அடிப்பது மாலையில். வெயில் பட்டால் வேம்பில் உள்ள அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், இலையும் வெந்துவிடும். அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள். வேம்பு பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் செய்கிற பொருள். பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். ஆறேழு நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை.

துணி துவைக்கும் பவுடர்

வேண்டாம். அது இலையின் மெழுகை உரித்துவிடும்.

இலையின் மேல்புறம் மட்டும் தெளிப்பது

பூச்சி அடிப்புறத்தில் இருக்கிறது.

செஞ்சிலந்தியைப் பூச்சி என்று நினைப்பது

சித்திரை வெயிலில் ரோஜா இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்தி. எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கு உறவு. மஞ்சள் ஒட்டும் அட்டையை வாங்கித் தொங்கவிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; இதற்கு இறக்கை கிடையாது, அட்டையில் வந்து விழாது. வறட்சியும் தூசியும் இதற்குப் பிடிக்கும். குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் காலையில் கழுவுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம்.

வாரம் தவறாமல் மீன் அமிலம்

மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த இந்த உரத்தில் தழைச்சத்து அதிகம். அது மிகுந்தால் கொழுந்து கொழுகொழுவென்று வரும். அசுவினிக்கு அதுதான் விருந்து. பூச்சி இருக்கும்வரை நிறுத்திவையுங்கள்.

புகையிலைக் கரைசல்

இலையிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சு, பொறிவண்டுக்கும் நஞ்சு. குழந்தை தவழும் வீட்டில் அதை ஊறவைக்காதீர்கள்.